கொழுப்புக் குறைந்தால் கொண்டாட்டமா?

ரத்தப் பரிசோதனைக் காகிதம் வந்ததும் நம்மவர்களின் கண்கள் முதலில் தேடுவது 'கொலஸ்ட்ரால்' என்ற வரியைத்தான். அளவு கூடியிருந்தால் நெய்ப் பாத்திரம் பரண் ஏறிவிடுகிறது. குறைந்திருந்தாலோ அன்றே அப்பளம் பொரிக்க அனுமதி கிடைத்துவிடுகிறது! பெரும்பாலோர் விஷயத்தில் இந்தக் கணக்கு ஓரளவு சரியே. ஆனால் கல்லீரல் நோயுற்றவர் இருக்கும் வீட்டில் இதே கணக்கு குடும்பத்தையே ஏமாற்றிவிடக்கூடும் என்பதை நேயர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தத்திலோ பெரும்பகுதி தண்ணீர். ஆகையால் கொழுப்பானது புரதத்துடன் சேர்ந்து, நுண்ணிய உருண்டைகளாகவே ரத்தத்தில் பிரயாணம் செய்கிறது. இவற்றுக்கு லிப்போபுரோட்டீன்கள் என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டி அனுப்புவதும், திரும்பி வருபவற்றை வாங்கிக்கொள்வதும், மிஞ்சிய கொலஸ்ட்ராலைப் பித்த நீரில் கலந்து வெளியேற்றுவதும் கல்லீரலே. பட்டறை, கிடங்கு, வடிகால் மூன்றும் அதுதான். எது பழுதாயிற்று என்பதைப் பொறுத்து ரத்தத்தின் கணக்கும் மாறுகிறது.

கிடங்கு நிரம்பி வழிவதே 'கொழுப்பு ஈரல்'. மதுவைத் தொடாதவர்களுக்கும் இது வருகிறது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறும். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். இறங்கும். இந்நோயாளிகளில் ஈரல் கெட்டு இறப்பவரைவிட இருதய நோயால் இறப்பவரே அதிகம்.

வடிகால் அடைபட்டால் கொலஸ்ட்ரால் வெகுவாக உயர்கிறது. 1816-இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் ஷெவ்ரல், பித்தக் கல்லில் கிடைத்த வஸ்துவுக்குப் பித்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டே பெயரிட்டார். அதிலிருந்து வந்ததே கொலஸ்ட்ரால் என்ற சொல். பித்த நீர் தேங்கும்போது லிப்போபுரோட்டீன்-எக்ஸ் என்னும் விசித்திர உருண்டைகள் ரத்தத்தில் தோன்றுகின்றன. சாதாரணப் பரிசோதனை இவற்றையும் கெட்ட கொலஸ்ட்ராலாகிய எல்.டி.எல். கணக்கிலேயே சேர்த்துவிடும். ஆனால் எல்.டி.எல்.லை ஈரலுக்கு அடையாளம் காட்டும் புரதம் இவற்றில் இல்லை. ஆகவே வழக்கமான கொலஸ்ட்ரால் மாத்திரை இவற்றிடம் அதிகம் பலிப்பதில்லை. பித்தத் தேக்கத்தை நீக்குவதே உண்மையான சிகிச்சை.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது பட்டறை ஓய்ந்துபோவதாகும். ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் முற்ற முற்ற, கொலஸ்ட்ரால் தானே குறைந்துகொண்டு வரும். வீட்டார் நோய் தணிகிறது என்று மகிழ்வார்கள். விளக்கின் சுடர் அடங்குவதைக் கண்டு, திரியை யாரோ நன்றாகத் தணித்தார்கள் என்று எண்ணுவது போன்றதே இது. உண்மையில் தீர்ந்து வருவது எண்ணெய்! இந்த மகிழ்ச்சியில், 'பத்தியம் பலிக்கிறது' என்று நோயாளியின் ஆகாரத்தை இன்னும் குறைத்துவிடுவது பெருந்தீங்கு. சிரோசிஸ் உள்ளவருக்குத் தசை கரைவதே பெரிய அபாயம். இரவு முழுவதும் வயிறு காயாமலிருக்கப் படுக்குமுன் சிறிது ஆகாரம் கொடுக்கும்படி வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ஹெபடைடிஸ்-சி கிருமி ஈரலில் குடியிருக்கும்வரை கொலஸ்ட்ரால் தாழ்ந்திருக்கும். மருந்தால் கிருமி ஒழிந்தபின் அநேகருக்கு ஏறுகிறது. அதைக் கண்டு மருந்தைப் பழிக்கலாகாது. இருதயத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

எனவே, ஈரல் நோயாளியின் கொலஸ்ட்ரால் வரியைத் தனியே படிக்க வேண்டாம். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தும் பத்தியமுமின்றிக் கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தால், அதையும் அவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும்; நோயாளிக்கு வேளை தவறாமல் உணவிடுவது நம் பொறுப்பாக இருக்கட்டும்.