அவர்களுக்கு வாசிக்கத் தெரியும்

அட்டையில் ஒரு தொப்பி, பொத்தான் போடாத சட்டை, பின்னணியில் குதிரை. இவ்வளவு இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார்கள் என்று கௌபாய் காதல் நாவல்களின் வாசகிகளைப் பற்றி எழுதியிருக்கிறார் சென்ற இதழ்க் கட்டுரையாளர். அவர்களுடைய அபிப்பிராயத்துக்கு இலக்கிய மதிப்பு கிடையாதாம். 2021-இல் அமெரிக்காவில் ஒரு நாவலுக்குக் கொடுத்த பரிசை அவர்கள் திரும்பப் பெற வைத்தது வெறும் கும்பல் தீர்ப்பாம். கதாபாத்திரம் செய்வதற்கும் ஆசிரியர் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாத கூட்டமாம். இத்தனையும் சொல்லிவிட்டு, அசல் கௌபாய் கதை ஆண்களின் தனிமையையும் நீதியையும் பேசியது, காதல் நாவல்காரிகள் வந்து அதைக் கெடுத்துவிட்டார்கள் என்றும் பெருமூச்சு விடுகிறார்.

பெருமூச்சிலிருந்தே தொடங்குகிறேன். அது சீக்கிரம் முடிந்துவிடும்.

கௌபாய் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஓவன் விஸ்டர் 1902-இல் வெளியிட்ட 'தி வர்ஜீனியன்' என்பார்கள். அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குக் காணிக்கையாக்கப்பட்ட புத்தகம். ஆண்மைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் அந்தக் காலத்தில் கிடைத்திருக்காது. கதை என்ன? வெர்மான்ட்டிலிருந்து மோலி வுட் என்ற ஆசிரியை வயோமிங்கில் பாடம் நடத்த வருகிறாள். பெயரே சொல்லப்படாத நாயகன் அவளைக் காதலிக்கிறான். அவள் லேசில் பிடிகொடுப்பதில்லை. அவள் கொடுக்கும் புத்தகங்களைப் படித்துவிட்டு அவன் வந்து அபிப்பிராயம் வேறு சொல்கிறான். டிராம்பாஸ் என்ற வில்லனோடு துப்பாக்கிச் சண்டைக்குக் கிளம்பும்போது, போனால் கல்யாணம் கிடையாது என்கிறாள். போகிறான், சுட்டுத்தள்ளுகிறான், திரும்பி வருகிறான். கல்யாணமும் நடக்கிறது, மலையில் தேனிலவும் நடக்கிறது. கௌபாய் நாவல் என்று பெயர்தானே தவிர மாடு மேய்க்கிற வேலை அதில் அநேகமாகக் கண்ணிலேயே படாது; விமர்சகர்கள் இதை வெகுகாலமாகச் சொல்லிச் சிரித்துவருகிறார்கள். பல் மருத்துவராக இருந்து எழுத்துக்கு வந்த ஸேன் கிரே 1912-இல் எழுதிய 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்பிள் சேஜ்' நாவலில் ஒன்றுக்கு இரண்டு காதல் ஜோடிகள். அதன் முடிவில் லாசிட்டர் பெரும் பாறையை உருட்டிவிட்டு, வெளியே போகும் வழியையே அடைத்துக்கொண்டு, காதலியோடு பள்ளத்தாக்குக்குள் தங்கிவிடுகிறான். இதைவிடக் காதல் நாவலாக ஒரு முடிவை எந்தப் பெண் எழுத்தாளர் எழுதிக் கெடுத்துவிட்டார்?

லயன் காமிக்ஸில் வரும் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரின் பரம ரசிகன் என்று கட்டுரையாளர் அதே கட்டுரையில் மார்தட்டிக்கொள்கிறார். நானும்தான். சிவகாசியிலிருந்து வரும் பார்சலைப் பிரிக்கும் சுகம் எனக்கும் தெரியும். 1948-இல் இத்தாலியில் பிறந்த இரவுக் கழுகார் டெக்ஸை இதுவரை எந்தத் தோட்டாவும் கொன்றதில்லை, இனியும் கொல்லப்போவதில்லை. கடைசிப் பக்கத்தில் அவர்தான் ஜெயிப்பார் என்று தெரிந்தேதான் நாம் முதல் பக்கத்தைப் புரட்டுகிறோம். நாம் செய்தால் அது ரசனை. காதலர்கள் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்தே ஒரு பெண் படித்தால் மட்டும் அது மந்தபுத்தியா? டெக்ஸே ஒரு நவஜோ பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பதையும் ரசிகருக்கு நினைவூட்டுகிறேன்.

வாசகிகளுக்கு விமர்சன புத்தி இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு 40 வருடங்களுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. 1984-இல் ஜானிஸ் ராட்வே 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்ற ஆய்வு நூலை வெளியிட்டார். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஸ்மித்டன் என்று புனைபெயர் கொடுத்த ஊரில், காதல் நாவல் படிக்கும் 42 பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். அங்கே டாட் என்று அவர் குறிப்பிடும் புத்தகக்கடை ஊழியர் ஒருவர், எந்த நாவலுக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது என்று தானே ஒரு செய்திமடல் போட்டுவந்தார். நாயகியை மிருகத்தனமாக நடத்தும் நாயகன் வந்தால் அந்தப் பெண்களுக்குப் பிடிக்காது. முடிவு எப்படி என்று கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். பதிப்பாளர் அட்டையில் என்ன படம் போட்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்து வாங்கியவர்கள் இவர்கள். மோசமான வாசகக் கருத்துகளும் உண்டுதான், மறுக்கவில்லை. குதிரை அழகு, நாயகன் அழகு என்று முடிந்துவிடுபவை ஏராளம். 'மண்வாசனை வீசுகிறது' என்பதோடு முடிந்துவிடும் மதிப்புரைகளை நம் இலக்கியக் கூட்டங்களில் கேட்டதே இல்லையா, என்ன?

இனி அந்தப் பரிசு விவகாரம். நாவலின் பெயர் 'அட் லவ்ஸ் கமாண்ட்'. கேரன் விட்மையர் எழுதி, கிறிஸ்தவப் புத்தகங்கள் போடும் பெத்தனி ஹவுஸ் 2020-இல் வெளியிட்டது. 1890-களின் டெக்சாஸில் நடக்கும் கதை: மாட்டுத் திருடர்கள், துப்பாக்கிகள், கூலிக்கு நியாயம் காக்கும் குதிரைவீரர் குழு. குழுத் தலைவன் மேத்யூ ஹேங்கர் நாயகன், ஜோசஃபின் பர்கெட் என்ற பெண் மருத்துவர் நாயகி. ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம், மதம் சார்ந்த காதல் நாவல் பிரிவில் 2021-ஆம் ஆண்டு விவியன் விருதை இதற்கு அறிவித்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே விருது திரும்பப் பெறப்பட்டது. காரணம், நாவல் வூண்டட் நீயில் தொடங்குகிறது. நாயகன் அங்கே சுட்ட படையில் இருந்தவன்.

வூண்டட் நீயை ஒரே வாக்கியத்தில் 'ஒரு பழைய சண்டை' என்று கட்டுரையாளர் தாண்டிப் போய்விட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1890 டிசம்பர் 29. தெற்கு டகோட்டாவில் ஓர் ஓடைக்கரை. பிக் ஃபுட் தலைமையில் வந்த லகோட்டா பூர்வகுடி மக்களை அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படை சுற்றி வளைத்து நிற்கிறது. பிக் ஃபுட் நிமோனியாவில் கிடக்கிறார். ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. மேட்டில் நிறுத்தியிருந்த நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் கூடாரங்களைச் சுடத் தொடங்குகின்றன. ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு போய்ச் சுட்டார்கள். செத்தவர்கள் 150 பேர் என்பாரும் உண்டு, 300 என்பாரும் உண்டு. பெண்களும் குழந்தைகளுமே பாதிக்கு மேல். பனிப்புயல் ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் வாரத்தில், விறைத்துப்போன உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். சுட்டவர்களில் சுமார் 20 பேருக்கு நாட்டின் ஆக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கங்களைப் பறிக்க வேண்டும் என்று லகோட்டாக்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவை அப்படியேதான் இருக்கும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கைவிரித்தது. பழைய சண்டையாம்!

ஆசிரியரின் தரப்பையும் சொல்லிவிடுவோம். நாயகன் லகோட்டாக்களோடு போரிலிருந்த ராணுவ அதிகாரி, செத்துக்கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் பார்த்து அவனுக்குக் குமட்டுகிறது, அது படுகொலை என்று அவனே உணர்கிறான், கடவுளிடம் மன்றாடுகிறான், மிச்ச வாழ்நாளைத் துன்பப்படுகிறவர்களைக் காப்பதில் கழிக்கிறான் என்பது அவர் கொடுத்த விளக்கம். கட்டுரையாளரும் இதையே பிடித்துக்கொண்டு, நாயகன்தான் திருந்திவிட்டானே, பிறகென்ன கூச்சல் என்கிறார்.

இந்த இடத்தில்தான் வாசகிகளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. காதல் நாவலுக்கு அந்தச் சங்கமே வகுத்த இலக்கணம் சின்னது: காதல் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அந்த வகை நாவலில் இன்பமான முடிவு யாருக்காவது கிடைக்கிறது என்றால், இவர் இதற்குத் தகுதியானவர் என்று நாவல் தீர்ப்பு எழுதிவிட்டதாக அர்த்தம். ஒரு துயர நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, நாயகன் செய்ததை ஆசிரியர் ஏற்கிறாரா என்று கேட்டால் அது அசட்டுத்தனம். காதல் நாவலில் அதைக் கேட்காமலிருப்பதுதான் அசட்டுத்தனம். கதாபாத்திரத்தையும் ஆசிரியரையும் குழப்பிக்கொண்டவர்கள் யாருமில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது ஆசிரியர் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் கேட்ட கேள்வியைப் பாருங்கள். ஒரு நாயகனுக்குப் பழைய காயம் ஒன்று வேண்டும். இந்த வகைக் கதைகளில் அது வழக்கம். செத்துப்போன தம்பி, ஏமாற்றிய காதலி, போரில் விட்டுவிட்டு வந்த நண்பன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். காதல் அதை ஆற்றும். இங்கே அந்தக் காயத்தின் இடத்தில் வைக்கப்பட்டிருப்பது வூண்டட் நீ. குழியில் கிடக்கிறவர்களின் சாவு, சுட்டவனுடைய மனப்புண்ணாக மாறுகிறது. அதை ஆற்ற ஒரு மருத்துவர் வருகிறார். கடவுள் மன்னிக்கலாம், காதலி மன்னிக்கலாம். அந்த ஓடைக்கரையில் தாயைப் பறிகொடுத்த பிள்ளையின் சார்பில் மன்னிக்க இவர்கள் யார்? உலகத்தில் எத்தனையோ பாவங்கள் இருக்க, நாயகன் வருந்துவதற்கு இதுதானா கிடைத்தது? இது அரசியல் கூச்சல் இல்லை, கதைக்கட்டுமானம் பற்றிய கேள்வி. பேராசிரியர் ஒருவர் கருத்தரங்கில் கேட்டிருந்தால் நம் கட்டுரையாளர் குறிப்பேட்டை எடுத்திருப்பார்.

திடீரென்று கிளம்பிய கும்பலும் அல்ல. கேட் பிரெஸ்லின் எழுதிய 'ஃபார் சச் எ டைம்' என்ற நாவலில் யூதப் பெண்ணுக்கும் நாஜி முகாம் தளபதிக்கும் காதல் வருகிறது. தெரேசியன்ஸ்டாட் முகாமில் நடக்கிற கதை. அதே பதிப்பகம் 2014-இல் போட்டது. 2015-இல் அதே சங்கத்தின் ரீட்டா விருதுக்கு இரண்டு பிரிவுகளில் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அப்போதும் வாசகிகள் இதே கேள்வியை எழுப்பினார்கள். ஆறு வருடம் கழித்து மறுபடியும் அதே பாணிக் கதைக்கு, இம்முறை விருதே கொடுத்தால் பொறுமை எப்படி இருக்கும்?

வாசகிகள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதும் பொய். விட்மையரின் நாவலை விரும்பிய கிறிஸ்தவ வாசகிகள் நிறைய. எந்தப் பாவியும் மீட்கப்படலாம் என்பதே அவர்களுடைய நம்பிக்கையின் ஆணிவேர்; ஆகப் பெரிய பாவத்தைச் செய்தவனுக்கும் அருள் உண்டு என்று காட்டினால்தான் அது கதை என்று அவர்கள் வாதிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அது ஒரு வாதம். மீட்சி யாருடைய செலவில் என்று ஒரு தரப்பும், மீட்சிக்கு எல்லை கட்ட நீ யார் என்று மறுதரப்பும் மோதிக்கொண்டதைப் படித்துவிட்டு, நட்சத்திரம் போடும் கூட்டம் என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது?

சங்கம் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. ரீட்டா விருது கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்கு முதல்முறை கிடைத்ததே 2019-இல்தான். அதே ஆண்டு டிசம்பரில், ஒரு நாவலின் இனவெறியைச் சுட்டிக்காட்டிய கோர்ட்னி மிலன் என்ற எழுத்தாளர் மீதே நடவடிக்கை எடுத்து நாறிப்போனார்கள். பிறகுதான் விருதுக்குக் கறுப்பினப் பதிப்பாசிரியர் விவியன் ஸ்டீவன்ஸின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரில் கொடுத்த முதல் வருடமே இந்தக் கூத்து. 2024-இல் திவால் மனு போட்டார்கள். ஆக, சங்கத்துக்குப் புத்தி சொன்னது வாசகிகள். சொல்பேச்சு கேட்கச் சங்கத்துக்கு வெகுநாள் ஆனது.

நாவலைத் தடை செய்துவிட்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதுவதும் தவறு. யாரும் தடை செய்யவில்லை. பதிப்பகம் ஆசிரியர் பக்கம் நின்றது, புத்தகம் விற்பனையில் இருந்தது. போனது ஒரு விருது.

அசல் அமெரிக்க மேற்கைப் பற்றி அவ்வளவு அக்கறை என்றால், பெவர்லி ஜென்கின்ஸ் 1994-இல் எழுதிய 'நைட் சாங்' நாவலை அவர் படிக்கலாம். கன்சாஸில் கறுப்பின மக்களே உண்டாக்கிய ஊர். அங்கே ஆசிரியை காரா லீ. பத்தாம் குதிரைப்படையின் கறுப்பின சார்ஜென்ட் சேஸ் ஜெஃபர்சன். விஸ்டரின் ஆசிரியையும் குதிரைவீரனும் கொண்ட அதே ஜோடிதான், வேறு கண்ணால் பார்த்தது. கால்நடை மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். ஹாலிவுட் அவர்களைப் படத்தில் காட்டத் தயங்கிய காலத்தில் ஜென்கின்ஸின் வாசகிகள் அவர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. கட்டுரையில் இரண்டு இடத்தில் ஹேங்கரை 'ஷெரிஃப்' என்று குறிப்பிட்டு, சட்டத்தின் காவலனை இப்படித் தூற்றலாமா என்று கேட்கிறார். ஹேங்கர் ஷெரிஃப் இல்லை. முன்னாள் குதிரைப்படை அதிகாரி. நாவலின் பின்னட்டையிலேயே போட்டிருக்கிறது.