ஒட்டுவது பழுதுபார்த்தல் ஆகாது

அறுந்ததை ஒட்டிவிட்டால் பழுது நீங்கிவிடும் என்பது இக்காலத்தார் பலரின் எண்ணம். காகிதத்துக்கும் பசை, கண்ணாடிக்கும் பசை என்று அவர்தம் கணக்கு முடிகிறது. இந்த எளிய கணக்கால் மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சிதைந்துவரும் செல்வங்களுள் ஒன்று, பெரனாக்கான் பெண்டிரின் பாசிமணிக் கைவேலை.

‘காசுட் மானேக்’ எனப்படும் மணிக்காலணி அக்கைவேலையின் சிகரம். பிடாங்கான் என்னும் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த நுண்ணிய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றித் தைத்தனர் நோன்யாப் பெண்கள். மணப்பெண்ணின் பொறுமையையும் கைத்திறனையும் அளக்கும் கோலாகவும் அது விளங்கிற்று. பினாங்கில் உருவாகிச் சிங்கப்பூர்ப் பெரனாக்கான் அருங்காட்சியகத்தைச் சேர்ந்துள்ள மேசைவிரிப்பு ஒன்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் உள்ளன. மலாக்காச் செட்டிச் சமூகப் பெண்களும் கெபாயாவுடன் மணிக்காலணி அணிந்து வந்தவர்களே. ஆகவே, இஃது அயலார் வீட்டுப் பொருள் என்று தமிழர் ஒதுங்கிவிட இயலாது.

ஒரு மணி உடைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பார் உளர். முழுகத்தான் செய்யும்! உடைந்த கண்ணாடியின் விளிம்பு கத்தி போன்றது. ஒவ்வோர் அசைவிலும் தன்னைத் தாங்கும் நூலையே அஃது அறுக்கும். அந்நூலோ ஒரு மணிக்கு மட்டும் உரியதன்று. துணியின் பின்புறத்தில் தொடர்ந்து ஓடி அடுத்தடுத்த மணிகளையும் பிடித்திருப்பது. அது அறுந்தால் வரிசை நெகிழும். வரிசை நெகிழ்ந்தால் பூவின் இதழும் பறவையின் சிறகும் உருக்குலையும். போதாக்குறைக்கு, ஈரம் மிகுந்த காற்றில் சிலவகைப் பழங்கண்ணாடிகளிலிருந்து காரம் கசிந்து நூலை அரிப்பதும் உண்டு.

இந்நிலையில் பசை என்ன செய்யும்? நூலுக்குள்ளும் துணிக்குள்ளும் ஊறி இறுகும். நடக்கும்போது வளைய வேண்டிய இடம் விறைத்துப்போகும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பல பசைகள் மஞ்சள் பாரிக்கும். பிற்காலத்தில் ஒருவர் அதனை நீக்க முயன்றால் நல்ல மணிகளும் உடன் பெயர்ந்து வரும். இன்றைய பழுதை மறைத்து நாளைய பழுதைப் பெருக்கும் செயலுக்குப் பழுதுபார்த்தல் என்று பெயரிடுவது சொல்லுக்கே இழுக்கு.

முறை அறிந்தவர் செய்வது வேறு. முதற்கண் பக்கத்து மணிகளைப் புதிய நூலால் துணியோடு பிணித்து நிலைநிறுத்துவர். உடைந்த மணியின் துளையில் ஊசியைச் செலுத்தி, அதனை நூலுக்கு அரணாக்கி, எஞ்சிய சில்லைச் சிறு குறட்டால் நொறுக்கி எடுப்பர். பழைய நூலை இழுக்கமாட்டார். அளவும் நிறமும் ஒத்த மணியைத் தேர்ந்து, முன்னைய தையல் சாய்ந்த திசையிலேயே தைப்பர். மணியின் எண் ஏற ஏற அதன் உருவம் சிறுக்கும். 11ஆம் எண் மணி இருந்த இடத்தில் 15ஆம் எண்ணை வைத்தால் இடைவெளி தெரியும். மாற்றி வைத்தாலோ பக்கத்து மணிகள் நெருக்குண்ணும். இறுதியில், புதிய மணி எதுவென்று குறித்தும் வைப்பர்.

“அறியாத கை தொடுவதைவிடக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடலாமே” என்பது மற்றொரு சாராரின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அருங்காட்சியகப் பொருளில் நெகிழ்ந்ததை நிலைநிறுத்திவிட்டு வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுதல் தகும். பழஞ்சின்னங்களில் புதிதாகச் சேர்த்த பகுதி மூலத்தினின்று வேறாகத் தெரிய வேண்டும் என்று 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனமும் விதித்தது. ஆயினும், பாட்டி தைத்ததைப் பேத்தி திருமணத்தில் அணியும் வீட்டுக்கு அவ்விதி முழுதும் பொருந்துமா? அறியாத கைக்கு மருந்து, அதற்கு அறிவூட்டுவதேயன்றி அதனைக் கட்டிப்போடுவதன்று.

“புதியது வாங்குவது மலிவு” என்பார்க்கும் விடையுண்டு. பணக்கணக்கில் அவர் கூற்று மெய்யே. ஒரு மணியை மாற்ற ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுத்தால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால், பழுதுபார்ப்பவரே துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கிறார். நூல் எங்கே தொடங்கிற்று, எங்கே முடிச்சிட்டது என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நலிந்துபோன இக்கலையை மீண்டும் கற்க விரும்புவோர்க்குப் பழைய காலணியே பாடநூல். பாடநூலைக் குப்பையில் எறிந்துவிட்டுப் படிப்பு வளரவில்லை என்று புலம்புவது அறிவுடைமையாகுமா? கெபாயா 2024இல் யுனெசுகோ பட்டியலில் இடம்பெற்றது, மகிழத்தக்கதே. எனினும், பட்டியலில் பெயர் ஏறுவதால் ஊசியில் நூல் ஏறிவிடாது.

தமிழாசிரியர் இதனை எளிதில் உணர்வர். ஒரு சொல் பிழையானதற்காக மாணவனின் கட்டுரை முழுவதையும் எந்த ஆசிரியரும் கிழித்தெறிவதில்லை. பிழையின்மீது மைபூசி மறைப்பதும் இல்லை. பிழையை அடையாளம் கண்டு, அது நேர்ந்த காரணத்தை உணர்த்தி, உரிய சொல்லை உரிய இடத்தில் அமைக்கச் செய்கின்றனர். அந்தப் பொறுமையைக் கைவினை வகுப்பிலும் மாணவர் கைகளுக்குக் கற்பிப்பாராக! பெயர் தெரியாத பெண்கள் கண்நோகத் தைத்துவைத்த மணிகளுக்குச் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.