நான் எழுதிய மனுவுக்கு என் மறுப்பு

போன மாதம் ஒரு மனு எழுதினேன். எங்கள் தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். முப்பத்தைந்து வருடம் புதுவை அரசில் எழுத்தராக இருந்தவனுக்கு மிஞ்சிய மரியாதை அது. பொருள்: எதிர்வீட்டு மாடி அறையில் நான்கு பையன்கள் டிரம்ஸும் கிட்டாரும் வாசித்துப் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிப்பது. என்னையும் சேர்த்துப் பதினேழு கையெழுத்து. வீட்டுக்காரர் பயந்துபோய் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர்களில் ஒருவன் என்னிடமே வந்தான். மனு என் கைவண்ணம் என்று அவனுக்குத் தெரியாது. கையில் ஒரு நோட்டு. "தாத்தா, ஆல்பத்தோட பாட்டு வரிகளையும் போடப் போறோம். ஒற்றுப்பிழை பார்த்துத் தர்றீங்களா?" என்றான். ஆறு பாட்டு, ஆறும் தமிழ். ஒன்று, ஒரகடத்தில் நைட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீடு திரும்பும் அண்ணனைப் பற்றியது. எட்டு, ஒன்பது பிழைதான் இருந்தது. திருத்திக் கொடுத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆகவே, மனுவில் நானே அடுக்கிய காரணங்களுக்கு நானே பதில் எழுதுகிறேன்.

காரணம் ஒன்று: சத்தம். படப்பையில் சத்தமா புதிது? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் விடிய விடியக் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். கட்சிக் கூட்டம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர். இதற்கெல்லாம் மனு எழுதச் சொல்லி ஒருவரும் என் வீட்டுப் படி ஏறியதில்லை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து வாசித்த நாலு பிள்ளைகளிடம்தான் நம் வீரம் செல்லுபடியானது.

காரணம் இரண்டு: இந்த ஹார்ட் ராக் நம் மொழிக்கு ஒட்டாது. இந்த வசனத்தை நான் சிறுவயதில் பிரெஞ்சிலேயே கேட்டவன். 1960-களில் ஜானி ஹாலிடே பாட்டை முணுமுணுத்ததற்கு, 'அமெரிக்கக் கூச்சல், பிரெஞ்சுக்கு ஒட்டாது' என்று திட்டு வாங்கியிருக்கிறேன். ஒட்டாமல் போய்விட்டதா? 1980-இல் ட்ரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு 'ரெப்ரெசியோன்' என்று ஒரு ஹார்ட் ராக் ஆல்பம் போட்டது. பாட்டெல்லாம் பிரெஞ்சு. அதிலிருந்த 'ஆன்ட்டிசோசியால்' பாட்டை 1988-இல் ஆந்த்ராக்ஸ் என்ற அமெரிக்கக் குழுவே எடுத்துப் பாடியது.

பாரிஸ் வரை போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் அவியல் என்ற ராக் குழு, 2008-இல் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டது. எட்டுப் பாட்டும் மலையாளம். நடுவில் பாடகர்கூட மாறினார், ஆனாலும் விடவில்லை. அதில் ஒரு பாட்டு 'ஆடு பாம்பே'. எழுதியவர் நாராயண குரு. தமிழிலும் பதிகம் பாடியவர் அவர். பாம்பை ஆடச் சொல்லிப் பாடும் அந்த முறை நம் பாம்பாட்டிச் சித்தருடையது. நம் சித்தர் பாட்டு முறை கேரளம் போய் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஒட்டுகிறது. படப்பையில் மட்டும் ஒட்டாதாம்!

காரணம் மூன்று: திறமையிருந்தால் சினிமாவுக்குப் போகட்டுமே. போகலாம், தவறில்லை. ஏ.ஆர்.ரகுமான் சினிமாவுக்கு முன் சென்னையில் சிவமணி முதலானவர்களோடு ரூட்ஸ் என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர். நெமிசிஸ் அவென்யூ என்று ஒரு ராக் குழுவும் நடத்தினார். அந்தக் குழுக்கள் வாசித்ததை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கோப்பில் ஏறாதது நடக்கவே இல்லை என்பது அலுவலக விதி. இசைக்குழுவுக்குக் கோப்பு ஆல்பம்தான். சினிமா வாசல் எல்லோருக்கும் திறக்காது. திறக்காதவன் வாசித்தது காற்றோடு போகட்டும் என்று நாம் சொல்கிறோமா?

ஆல்பம் எப்படி உருவாகிறது என்று பையனிடம் கேட்டேன். எல்லோரும் சேர்ந்து வாசித்தால் பதிவாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். காதில் கடிகாரம்போல டிக் டிக் என்று தாளம் ஓட, முதலில் டிரம்ஸ் மட்டும். அப்புறம் பேஸ் கிட்டார். அப்புறம் கிட்டாரை இரண்டு தடவை வாசித்து, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. கடைசியில் குரல். கிட்டாரைக் கம்ப்யூட்டரில் சொருகிச் சத்தமில்லாமல் பதிவு செய்துவிடலாம். டிரம்ஸுக்கு மட்டும் அறை வேண்டும். வெளியிடுவதற்கு இன்று கம்பெனி தயவு தேவையில்லை, சிறு கட்டணம் கட்டினால் பாட்டுக் கேட்கும் செயலிகளில் எல்லாம் வந்துவிடுகிறது. ஆக, அவர்களிடம் இல்லாமல் போனது அறை ஒன்றுதான். அதைப் பிடுங்கியது என் மனு. ஐந்து பாட்டுக்கு டிரம்ஸ் முடிந்துவிட்டதாம். பாக்கி நிற்பது அந்த அண்ணன் பாட்டு.

எங்கள் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று, பழைய பேப்பர் அடைந்து கிடக்கிறது. ஞாயிறுக்குள் காலி செய்கிறேன். மெத்தை அவர்களிடமே இருக்கிறது. நேரம் அதே ஐந்திலிருந்து ஏழு. சம்மதம் கேட்டுத் தெருவுக்குப் புது மனு ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். பழைய மனு யார் எழுதியது என்பதை, இதை அவன் படிப்பதற்குள் நானே நேரில் சொல்லிவிட வேண்டும்.

புது மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. மிச்சம் பதினாறு பேர் எப்போது வருகிறீர்கள்?