மோடம் ஒன்று போதுமா?

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது, ஒரு மோடம் இருந்தாலே பெரிய விஷயம். இன்றும் சில சிறு அலுவலகங்களில் அதே நினைப்புதான். சர்வருக்குத் தாராளமாகச் செலவழிப்பார்கள். இணையத்துக்கு ஒரே ஒரு 4ஜி மோடம்!

திருவண்ணாமலையில் இது சரிப்படாது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஒரு டவரின் வேகத்தைச் சுற்றியுள்ள அத்தனை செல்போன்களும் பங்கு போட்டுக்கொள்ளும். மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி. அன்றே பௌர்ணமியும் வந்தால்? தாமதக் கட்டணம்தான்.

ஃபைபர் இணைப்பை முதல் வழியாகவும் 4ஜியை மாற்று வழியாகவும் வையுங்கள். ஒன்று நின்றால் மற்றதற்குத் தானே மாறும் ரவுட்டர் போதும். மின்வெட்டுக்கு சர்வரோடு மோடத்துக்கும் யுபிஎஸ் கொடுங்கள். தேரடி வீதிக் கடைக்காரருக்குப் பின்வாசலின் அருமை தெரியும். சர்வருக்கும் ஒரு பின்வாசல் வேண்டும்.