சினிமாப் பாட்டுக்குத் தடையா?

"அந்தக் காலத்து ஸ்டூடண்ட்ஸ் எவ்வளவு ஒழுங்கா இருந்தாங்க தெரியுமா?" கல்ச்சுரல்ஸ்ல சினிமாப் பாட்டுக்குத் தடை போடுறப்போ தவறாம வர்ற டயலாக் இது. நான் படிச்ச காலேஜ்லயும் கேட்டாச்சு.

சரி, அந்தக் காலத்தையே பார்ப்போம். 1952ல மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், ரசனை கெடுதுன்னு அகில இந்திய வானொலியில சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். ஜனங்க திருந்திட்டாங்களா? ம்ஹூம், ரேடியோ முள்ளை சிலோனுக்குத் திருப்பிட்டாங்க! கடைசில அரசாங்கமே இறங்கி வந்து 1957ல விவித பாரதி ஆரம்பிச்சுது. அப்பவும் சிலோன் மவுசு குறையல.

நம்ம புதுச்சேரியையே எடுத்துக்குங்க. தாகூர் கலைக் கல்லூரி வந்தது 1961ல. ஊருக்குன்னு வானொலி நிலையம் வந்தது 1967ல. நடுவுல 1964ல 'காதலிக்க நேரமில்லை' வந்துச்சு. அந்தப் பாட்டெல்லாம் காதுல விழாமலா அந்தப் பசங்க டிகிரி வாங்கினாங்க?

இதுல பெரிய காமெடி என்னன்னா, அன்னிக்கு மட்டமா நினைச்ச அதே மெல்லிசையைத்தான் இன்னிக்கு "பழைய பாட்டு மாதிரி வருமா"ன்னு கொண்டாடறோம்.

ஆபாசப் பாட்டு வேணாம்னா அதை மட்டும் தடுங்க, நியாயம். மொத்தமா தடுத்தா பசங்க கேக்குறதை நிறுத்தப் போறதில்ல, ஹெட்செட் மாட்டிக்குவாங்க. போறது என்னவோ, நாலு பேர் சேர்ந்து ரிகர்சல் பார்த்து, பயத்தோட மேடையேறிப் பாடுற அந்தப் பழக்கம்தான்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?