வாளித் தண்ணீர் கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளோடு மொட்டை மாடியில் இருந்தேன். தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் கயிறு கட்டி, பாதி தண்ணீரோடு ஒரு வாளியைத் தொங்கவிட்டோம். கயிற்றை நன்றாக முறுக்கி, தண்ணீர் அடங்கியதும் கையை எடுத்தோம். வாளி சுழன்றது, தண்ணீர் மட்டமாகவே நின்றது. சற்று நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுழன்று, நடுவே குழிந்து ஓரத்தில் ஏறியது. சட்டென்று வாளியைப் பிடித்து நிறுத்தினேன். குழி உடனே போகவில்லை.

"வாளிதான் நின்னுடுச்சே சித்தப்பா, தண்ணி ஏன் இன்னும் குழியா இருக்கு?"

"மையவிலக்கு விசை" என்று வாய்வரை வந்தது. பள்ளியில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். பெயரைச் சொல்லிவிட்டால் பதில் சொன்னதாகிவிடுமா?

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிப்பியா'வில் இதே வாளி வருகிறது. வாளி மட்டும் சுழன்றபோது குழி இல்லை. இரண்டும் சேர்ந்து சுழன்றபோது குழி இருக்கிறது. ஆகவே தண்ணீர் சுழல்வது வாளியைப் பொறுத்து அல்ல, அசையாத தனிவெளியைப் பொறுத்து என்றார் அவர். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1883-இல் அதை மறுத்தார். வெறும் வெளியை யார் கண்டது? தொலைதூர விண்மீன்களைப் பொறுத்துத்தான் சுழற்சி என்பது அவர் வாதம்.

இன்று பிரபஞ்சம் முழுக்கப் பரவிய ஓர் அடையாளம் நம் கையில் இருக்கிறது. 1965-இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அது, வெப்பநிலை 2.725 கெல்வின். சிம்ம விண்மீன் குழுவின் பக்கம் அது இம்மியளவு கூடுதல், எதிர்ப்பக்கம் இம்மியளவு குறைவு. சூரியக் குடும்பம் அந்தத் திசையில் நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பது இதிலிருந்து வந்த கணக்கு.

அத்தனை வேகமும் எங்கள் வாளியில் ஒரு சுருக்கத்தைக்கூட உண்டாக்கவில்லை. ஒரு கயிற்றின் முறுக்கு தண்ணீரை விளிம்புவரை ஏற்றிவிடுகிறது. சீரான வேகத்தில் நேராகப் போவதை வெளியே பார்த்தால்தான் தெரியும். சுழல்வது கண்ணை மூடினாலும் தெரியும்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் மாக்குக்கு ஓரளவு இடம் கொடுத்தது. சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் சற்றே இழுத்துச் சுழற்றும். பூமி அப்படி இழுப்பதை, 2004-இல் ஏவப்பட்ட 'கிராவிட்டி புரோப் பி' செயற்கைக்கோளின் கைரோஸ்கோப்புகள் அளந்து காட்டின. ஜடத்துவம், அதாவது இயக்க மாற்றத்தை எதிர்க்கும் பண்பு, முழுவதுமே தொலைதூரப் பொருள்களால்தான் வருகிறதா என்ற விவாதம் மட்டும் முடியவில்லை.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் விசையின் பெயரை எழுதுவதற்கு முன் வகுப்பு வாசலில் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். "எதைப் பொறுத்து சுத்துது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கட்டும். பெயரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.