அரிசி போட்டால் போதுமா?

வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி அரிசி போடுவது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். அதைக் குற்றம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், குவான் யின் கோயில் வாசலிலும் லிட்டில் இந்தியாவின் கடைத்தெருக்களிலும் புறாக்களுக்கு இறைக்கிற அரிசிக்குப் பின்னால் நடப்பதற்கு யார் பொறுப்பு? அதை நாம் பேசுவதே இல்லை.

தீனி தாராளமாகக் கிடைத்தால் புறா ஆண்டு முழுவதும் முட்டையிடும். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. 18 நாளில் குஞ்சு. பெருகிய கூட்டம் பழைய கடைவீடுகளின் ஓட்டு இடுக்கிலும் சன்னல் விளிம்பிலும் அடையும். எச்சத்தின் அமிலம் சுண்ணாம்புப் பூச்சை அரிக்கும். இறகு அடைத்த பீலியில் தண்ணீர் தேங்கி, சுவர் ஊறும். காய்ந்து தூளாகும் எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வளரும். காலையில் கடைமுன் அஞ்சடி நடைபாதையைத் தேய்த்துக் கழுவுகிறவர் அரிசி போட்டவர் அல்லர், கடைச் சிப்பந்தி. இத்தனையும் நடப்பது, 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த நகரத்தில்.

புறாவுக்கு இடம் கொடுத்தவர்களே பொறுப்பும் ஏற்றுக்கொண்ட ஊர்கள் உண்டு. ஈரானின் இஸ்பஹானைச் சுற்றிய கிராமங்களில், சஃபாவிய அரசர்கள் காலத்தில், வயலோரம் மண் செங்கல்லால் புறாக் கோபுரங்கள் எழுந்தன. உட்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். புறா இரையை வெளியே தானே தேடிக்கொண்டது. மனிதர் கொடுத்தது இருப்பிடம். சேர்ந்த எச்சத்தை வாரி முலாம்பழத் தோட்டத்துக்கு உரமாக்கினார்கள். புறாவை அழைத்தவர்களே எச்சத்தையும் அள்ளினார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த நேர்மைதான்.

இன்றும் அப்படிப் பொறுப்பேற்க வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் புறா வீடுகள் அமைத்து, இட்ட முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வைக்கிறது. யாரும் கொல்வதில்லை, கூட்டமும் கட்டுக்குள் நிற்கிறது. மாறாக மும்பையில் 2025இல் தாதர் கபூதர்கானா என்ற புறாத் தீனி இடத்தை மாநகராட்சி மூடியபோது தெருவில் போராட்டம் வெடித்தது. ஜீவகாருண்யமும் சுகாதாரமும் அப்படி மோதிக்கொள்ளும் நிலை பினாங்குக்கு வேண்டாம்.

எனவே தடையும் அபராதமும் மட்டும் பேசாமல், கோயில் நிர்வாகங்களும் கடைக்காரர்களும் மாநகர் மன்றமும் ஒன்றாக உட்கார வேண்டும். மன்றம் புறா வீட்டுக்கு இடம் ஒதுக்கட்டும். பராமரிப்புக்குக் கோயில்கள் தனி உண்டியல் வைக்கட்டும். உணவுக் கடைகள் மிச்சம் மீதியை மூடிய தொட்டியில் போடட்டும். தெருவில் அரிசி இறைக்கும் அன்பர்களே, அதை இன்றே நிறுத்துங்கள். அந்தக் காசை உங்கள் கோயில் நிர்வாகத்திடம் கொடுத்து, புறா வீடு எப்போது வரும் என்று கேளுங்கள்.